விளி வேற்றுமை

லத்தீனைக் கண்டு யாரும் பயப்படத் தேவையில்லை. தமிழைப் போலவே அதிலும் சொல்லின் வால்தான் வேலை செய்கிறது. ஆண்டவர் என்பது பெயர், கூப்பிட்டால் ஆண்டவரே. லத்தீனில் தோமினுஸ், கூப்பிட்டால் தோமினே. இதுதான் விளி வேற்றுமை.

பீர்மேட்டில் எங்கள் சி.எஸ்.ஐ. பள்ளியில், காலை ஜெபம் முடிந்ததும் ஏழாம் வகுப்புக்கு இதை நடத்திக்கொண்டிருந்தேன். ஜெபத்தில் ‘ஆண்டவரே’ என்ற பிள்ளைகள், அடுத்த மணியில் அந்த ‘ஏ’ எங்கிருந்து வந்தது என்று பார்ப்பார்கள். எங்கள் பாடத்திட்டத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான். அன்று கடைசி பெஞ்சில் பள்ளி மேலாளரான பாதிரியார் இருந்தார், இங்கே அச்சன் என்பார்கள். என் வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க வந்திருந்தார். நேர்காணலில் அவரிடம், என் அம்மா நாகர்கோவிலில் ரிட்டயர்டு டீச்சர் என்று சொல்லியிருந்தேன்.

“ஜோபி, ‘மாத்தெர்’னா அம்மா. கூப்பிட்டா?”

“மாத்தெர்தான் மிஸ். மாறாது.”

‘மாறாது’ என்று பலகையில் எழுதினேன். “தமிழ்ல இன்னும் வேடிக்கை. அம்மைங்கிறதுதான் பேரு, அம்மாங்கிறது விளி. கூப்பிட்டுக் கூப்பிட்டே அது பேராயிருச்சு.”

“ஏட்டி இன்பம்!”

வாசலில் அம்மா. தேயிலைக் கொழுந்து பறிக்கக் கட்டும் சாக்குப் படங்கு இடுப்பில், ரப்பர் பூட்ஸ் காலில், நான் மறந்த டிபன் கையில்.

“மிஸ்ஸப் போயி ஏட்டியாம்!” என்றாள் பின்சி. வகுப்பே சிரித்தது.

“யாரு டீச்சரே?” என்றார் அச்சன்.

“எஸ்டேட் லயத்துல... தெரிஞ்ச சேச்சி, அச்சா.”

அச்சன், அச்சா. அந்த நேரத்திலும் விளி பிசகாமல் வந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு அச்சனை. டிபனை மேசையில் வைத்தாள்.

“சூடு ஆறுமுன்ன சாப்ட்ருங்க டீச்சர்.”

போய்விட்டாள். பாடத்தைத் தொடரத் திரும்பினேன். பலகையில் ‘மாறாது’ என்று என் கையெழுத்து. சாக்குக்கட்டியை வைத்துவிட்டு ஓடினேன்.

கேட்டுக்கு வெளியே எஸ்டேட் ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. வகுப்புச் சன்னலில் பிள்ளைகளின் தலைகள், நடுவில் அச்சன்.

“அம்மா!”

ஜீப்பில் இருந்த கொழுந்துக்காரப் பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். அம்மா கடைசியாகத் திரும்பி, சன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“சொல்லுங்க டீச்சர்” என்றாள்.