முகம் எழுபத்தொன்பது

படகை இழுக்க இரண்டாவதாக வாங்கிவந்த ஹிட்ச்சும் பொருந்தவில்லை. பழைய பிக்கப்புக்கு அடியில் மல்லாந்து படுத்து, அந்த இரும்பை நெஞ்சின்மேல் தாங்கிக்கொண்டு, ஆர்லிஸ் வாய்க்கு வந்தபடி திட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவின் முதல் வரிசையில் நின்று பாடுகிற வாய் அது. ஹிட்ச்சில் இருந்த ஓட்டைகள் ஒரு பக்கம், வண்டியின் அடிச்சட்டமான சேஸியில் இருந்த ஓட்டைகள் இன்னொரு பக்கம். நடுவே இரண்டு விரல் அகலம். போல்ட் எங்கே போய் நுழையும்?

வண்டியின் பின்னால் ஒரு கொக்கி மாட்டிப் படகை இழுத்துப் போவதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள், நெப்ராஸ்காவில் பழைய பிக்கப் வைத்திருந்து பார்க்கட்டும்.

படகு வேண்டியது அவள் கணவன் லைலுக்காக. நவம்பரில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, பேச்சு போனது. ஊன்றுகோலோடு நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் அவன் வாசற்படி இறங்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் தலையைச் சாய்த்து, குழந்தையிடம் பேசுகிற குரலில் பேசினார்கள். முகத்தை மட்டும் பார்க்க மாட்டார்கள். யாராவது கொலாச்சி ரொட்டித் தட்டோடு வந்தால் லைல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். மே மாதத்தில் அவள் படகின் மேலிருந்த தார்ப்பாயை உருவினபோதுதான், சமையலறை ஜன்னலில் நின்று கண்ணாடியைப் படபடவென்று தட்டினான். ஆறு மாதத்தில் அவன் முகத்தில் அன்றைக்குத்தான் உயிர் வந்தது. இந்தக் கோடையில் அவன் வெளியே வராவிட்டால் இனி வரவே மாட்டான் என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வழக்கமாகப் படகை இழுக்கிற புது வண்டி, பக்கவாதம் வந்த அன்று லைலோடு சேர்ந்து சாலையோரப் பள்ளத்தில் புரண்டது. மிச்சம் இருந்தது கொட்டகையில் கிடந்த இந்தக் கிழம்தான்.

"எந்த வருஷ வண்டி?" என்று உதிரிபாகக் கடை டுவைட் முதல் நாளே கேட்டான்.

"எழுபத்தொன்பது."

"நிச்சயமா?"

"மூஞ்சியப் பாத்தா தெரியலையா உனக்கு?"

டுவைட் கடை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தான். "சதுர லைட்டு, அந்தக் கிரில்லு. எழுபத்தொம்பதேதான், சந்தேகமே இல்ல."

அந்தப் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான். தூரத்தில் புழுதி கிளம்பும்போதே முன்பக்கத்தைப் பார்த்து வருஷத்தைச் சொல்லிவிடுவார்கள். குனிந்து அடியில் பார்க்கிற வழக்கம் யாருக்கும் கிடையாது.

இப்போது ஜன்னல் கண்ணாடி மறுபடி தட்டப்பட்டது. "கேலன்!" என்று உள்ளேயிருந்து லைல் கத்தினான். "கேலன்! கேலன்!"

அவனிடம் மிஞ்சியிருந்தவை நான்கே வார்த்தைகள்: ஆமா, இல்ல, சனியன், கேலன். அதில் தன் பெயர் இல்லையே என்று ஆர்லிஸுக்கு வருத்தம். அதைவிட, அந்தப் பெயர் இருக்கிறதே என்று எரிச்சல். கேலன் டூமா லைலின் நாற்பது வருடச் சினேகிதன், இரண்டு மைலில் பண்ணை. பக்கவாதம் வந்த பிறகு ஒரு நாள்கூட இந்த வாசலை மிதிக்கவில்லை. தினம் காலையில் வீட்டைத் தாண்டிப் போவான், ஸ்டியரிங்கிலிருந்து வணக்கமாக ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவான், போய்விடுவான். அந்தச் சாலையில் முன்பின் தெரியாத எண்ணெய் லாரிக்காரனுக்கும் அதே ஒரு விரல்தான் காட்டுவார்கள். லைலுக்கும் அவ்வளவுதானா?

"கேலன்!" கண்ணாடி அதிர்ந்தது. லைல் வண்டியையும் காட்டினான், சாலையையும் காட்டினான்.

"கேலன்தானே வேணும்? இரு, காதைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றேன்," என்று ஹிட்ச்சை வண்டிக்குள் வீசிவிட்டுக் கிளம்பினாள்.

கேலன் வைக்கோல் கட்டும் இயந்திரத்துக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். "காப்பி போடட்டுமா, ஆர்லிஸ்?"

"உன் காப்பிய நீயே குடி. ரெண்டு வாரமா ஒரு ஹிட்ச்சோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். வீட்டுக்குள்ள ஒருத்தன் உன் பேரச் சொல்லியே கத்திட்டு இருக்கான். ஒரு தடவை எட்டிப் பாத்தா உன் கால் தேஞ்சு போயிருமா?"

கேலன் வண்டியின் பின்னால் போய்க் குனிந்தான். அடியில் எட்டிப் பார்த்தான். அப்புறம் சிரித்தான்.

"என்ன வருஷம்னு சொல்லி வாங்கினே?"

"எழுபத்தொன்பது."

"மூஞ்சிதான் எழுபத்தொம்பது. இடுப்புக்குக் கீழ எழுபத்தாறு. அது என் வண்டி. அவன் சேஸி துருப்பிடிச்சு ஒடிஞ்சுபோச்சு, என் வண்டி மேல மரம் விழுந்துச்சு. நல்லது ரெண்டையும் சேத்து ஒண்ணாக்கிட்டோம். நீ அப்ப உங்க அக்கா பிரசவத்துக்கு ஒமாஹா போயிருந்தே."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நாங்க பண்ணினதுன்னு தெரிஞ்சா நீ ஏறவே மாட்டியாம். அவன்தான் சொல்ல வேணாம்னான்."

ஆர்லிஸ் அங்கிருந்த கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அவன் உன்னைக் கூப்பிடல. உன் சேஸியச் சொல்லியிருக்கான்."

"சேஸியவா?" கேலனின் முகம் வாடிப்போனது. "நல்லதுதான். என்னைக் கூப்பிட என்ன இருக்கு?"

"ஏன் வரல நீ?" இந்தத் தடவை அவள் குரலில் கோபம் இல்லை.

கிரீஸ் கையைத் துணியில் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். "நாங்க ரெண்டு பேரும் ஒருத்தன ஒருத்தன் கிண்டல் பண்ணியே காலத்த ஓட்டினவங்க, ஆர்லிஸ். இப்ப அவனால திருப்பிச் சொல்ல முடியாது. நான் மட்டும் எப்படிப் பேசறது? ஆறுதல் சொல்லவும் எனக்கு வராது. மூணு தடவை உங்க வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கேன்."

திட்டுவதற்கு அவள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது, இருவரையும் நினைத்து.

அந்தச் சேஸிக்கு உரிய ஹிட்ச் கேலனின் கொட்டகையில், பழைய டயர்களுக்குப் பின்னால் கிடந்தது. "அவன்கிட்டதான் புது வண்டி இருந்துச்சே, இதைக் கேக்கவே இல்ல. இங்கயே மாட்டித் தந்துடறேன்."

"வேணாம். எங்க வீட்டு முன்னால, அந்த ஜன்னலுக்கு நேர் எதிர்ல வந்து மாட்டு."

கேலன் தன் வண்டியில், சவ ஊர்வலத்தில் போகிறவனைப்போல மெதுவாகப் பின்னால் வந்தான். இறங்கி ஜன்னல் பக்கம் பார்க்காமலே அடியில் புகுந்துகொண்டான். பூட்ஸ் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஹிட்ச்சைத் தூக்கிப் பிடித்ததும் ஓட்டைகள் நேருக்கு நேர் வந்தன. போல்ட்டுகள் வழுக்கிக்கொண்டு இறங்கின. அவன் ஒவ்வொன்றாக முடுக்கினான்.

சமையலறைக் கதவு கிரீச்சிட்டது. லைல் ஊன்றுகோலோடு படியில் நின்றான். ஆர்லிஸ் பிடிக்க ஓடப் போனாள். கால்களை இழுத்து நிறுத்திக்கொண்டாள். அவன் ஒரு படி இறங்கினான், மூச்சு வாங்கினான், மறுபடி இறங்கினான். வீட்டுச் செருப்போடு முற்றத்தைக் கடந்து வந்து, அந்த பூட்ஸ்களின் அருகில் நின்று, கோலால் ஒரு தட்டுத் தட்டினான்.

"கோ… கோ…" தொண்டை நரம்பு புடைத்தது. "கோணல்."

அந்த நான்கில் சேராத புதுச் சொல். ஹிட்ச்சில் கோணல் ஏதும் இல்லை. மட்டம் வைத்தாற்போல் நேராக இருந்தது.

"உன் மூஞ்சிதான்டா கோணல்!" அடியிலிருந்து பட்டென்று வந்தது பதில், நாற்பது வருடப் பழக்கத்தில்.

ஆறு மாதமாக ஊரில் ஒருவரும் சொல்லத் துணியாத வார்த்தை. பூட்ஸ் கால்கள் அப்படியே விறைத்தன.

லைலின் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்துக் கிட்டே போனாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். இழுத்துப்போன அந்த வாய் முழுக்க, சத்தமாக, எச்சில் வழிவதைத் துடைக்காமல் சிரித்தான்.

"வா," என்றான் பூட்ஸ்களைப் பார்த்து. "வெளிய வா."

"வர்றேன்டா," என்றது அடியிலிருந்து ஒரு கம்மிய குரல். "ஒரு போல்ட் பாக்கி இருக்கு. முடுக்கிட்டு வர்றேன்."

ஒரு போல்ட்டும் பாக்கியில்லை. லைல் கோலை ஊன்றிக்கொண்டு, முற்றத்து வெயிலிலேயே காத்திருந்தான்.