திரும்பி வராத சொலிட்டான்கள்

என் கைடு சுந்தரேசன் சாருக்கு, மசாலா தோசை தின்ற விரலால் அடுத்தவர் காகிதத்தைத் தொடும் பழக்கம். 2003 டிசம்பரில் ஒருநாள், மல்லேஸ்வரம் ஹோட்டலிலிருந்து பார்சல் வரவழைத்து, நான் நீட்டிய கம்ப்யூட்டர் படத்தின் மேலேயே நெய் வழிய வைத்துத் தின்றார். எனக்கு அருவருப்பாக இருந்தது. தோசையால் மட்டும் அல்ல.

விஷயம் இதுதான். அணு வாயுவை, இனிக் குளிர முடியாது என்கிற இடத்துக்குப் பக்கம் வரை குளிரவைத்தால், அணுக்கள் எல்லாம் சேர்ந்து ஒரே அலையாக நடந்துகொள்ளும். அதில் உருவம் கலையாமல் ஓடுகிற மேடுதான் சொலிட்டான். இரண்டு சொலிட்டான்கள் எதிரெதிரே மோதினாலும் உடைவதில்லை. சற்றே இடம் தள்ளி, பழைய உருவத்தோடு தம் வழியே போய்விடும். இதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது என் பிஎச்டி. நான் ஓட்டியபோது அவை மோதிப் பிரிந்து, தூரம் போய், தாமாகவே திரும்பி வந்து மறுபடி மோதின. சார் துள்ளிக் குதித்தார். புது விசை என்று பேப்பர் எழுதி அனுப்பிவிட்டார். முதல் பெயர் அவருடையது, இரண்டாவது ஜானகி, அதாவது நான்.

விசையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் புரோகிராமில், அலை ஓடும் பெட்டியின் வலது ஓரமும் இடது ஓரமும் ஒட்டியிருந்தன. வலப்பக்கம் வெளியேறியது இடப்பக்கமும், இடப்பக்கம் வெளியேறியது வலப்பக்கமும் நுழைந்தது. இரண்டும் ஒரே அச்சு என்பதால் திரும்பி வந்த மாதிரித் தெரிந்தது. பெட்டியை நான்கு மடங்கு பெரிதாக்கினேன்; அதே நேரம் ஓட்டியதில் போனவை போனவைதான். தப்பு என்னுடையது. அந்தப் படத்தைத்தான் அவரிடம் நீட்டியிருந்தேன்.

"இதை யார்கிட்டயும் காட்டாத," விரலை நக்கிக்கொண்டே சொன்னார். "பேப்பர் அக்செப்ட் ஆயாச்சு. பெட்டி எவ்வளவு பெருசுன்னு யாரு கேக்கப் போறா?"

"பொய்யில்லையா சார்?"

"மார்ச்சோட உனக்கு ஃபெலோஷிப் முடியுது. தீசிஸ்ல கையெழுத்து நான் போடணும். ஞாபகம் வெச்சுக்கோ."

ஐந்து வருஷ உழைப்பு அந்த எச்சில் விரலில் தொங்கியது. சீ, என்ன பிழைப்பு இது.

"வெள்ளிக்கிழமை செமினார்ல நானே எழுந்து சொல்லிடுவேன் சார்," என்றேன்.

வெள்ளிக்கிழமை ஹால் நிரம்பியிருந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். சார் மேடையேறினார். முதல் ஸ்லைடே என் பெரிய பெட்டிப் படம். மாணவியின் புரோகிராமில் ஒரு தப்பு நடந்துவிட்டதாம். பேப்பர் ஏற்கப்பட்ட பிறகும் இவருக்கு மனசு கேட்கவில்லையாம். பெட்டியைப் பெரிதாக்கி இவரே சோதித்தாராம். பேப்பரை வாபஸ் வாங்குகிறாராம். விஞ்ஞானத்தில் நேர்மைதான் முக்கியம் என்று வாய் கூசாமல் முடித்தார்.

பெரிதாக்கிப் பார்த்தது நான்தான் என்று எழுந்து சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சார் என்னையே பார்த்தார். என் தீசிஸ் ஃபாரம், இன்னும் கையெழுத்தில்லாமல், அவர் சட்டைப் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதை இரண்டு விரலால் தடவிக்கொடுத்தார்.

ஹால் முழுக்கக் கைதட்டல். பக்கத்தில் என் லேப் தோழன் ஹரிஷ், "உன் கைடு பெரிய மனுஷன்பா," என்றான்.

நானும் தட்டினேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.