பொற்கொடி பாலத்தை உடைக்கவில்லை

முத்துக்குமாருக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் லேப்டாப்பைத் திறந்து ஏதாவது ஒரு நாட்டைப் பிடிப்பான், அவ்வளவுதான். ஓசூர் சிப்காட்டில் மெஷின்ஷாப் சூப்பர்வைசராக இருக்கிறவனுக்கு நாடு எதற்கு என்று கேட்கக்கூடாது. திரை முழுக்கத் தேனடை மாதிரி ஆறு பக்கக் கட்டங்கள். அவற்றின் மேல் டாங்கி, பீரங்கி, காலாட்படை என்று சின்னச் சின்ன வில்லைகள். ஒரு வில்லையை நகர்த்திவிட்டுத் தாடையைச் சொறிந்தபடி கால் மணி நேரம் யோசிப்பான். எதிரில் வைத்த சாம்பார் ஆறிப்போய் ஏடு கட்டும்.

அவன் மனைவி பொற்கொடி இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அவளுக்கு இருந்த குறை வேறு. தீபாவளி.

கல்யாணமாகி ஐந்து வருடம். தலை தீபாவளி குருபரப்பள்ளியில், அவள் அம்மா நஞ்சம்மா வீட்டில் நடந்தது. அதற்குப் பிறகு வந்த நான்கும் அருப்புக்கோட்டையில், மாமியார் தங்கமணி வீட்டில். ஒவ்வொரு வருடமும் முத்துக்குமார் சொல்லும் நியாயம் ஒன்றேதான்.

“குருபரப்பள்ளி இந்தா இருக்கு. ஒரு மணி நேரம். நெனச்சா போய்ட்டு வரலாம். எங்க ஊருக்கு வருசத்துக்கு ஒருக்கத்தான போறோம்?”

நியாயம் சரியாக இருந்ததுதான் எரிச்சல். நினைத்தால் போகலாம் என்கிற ஊருக்கு யாரும் பண்டிகையன்று போவதில்லை. அப்பா காலமான பிறகு நஞ்சம்மா தக்காளித் தோட்டத்தையும் இரண்டு மாடுகளையும் வைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். தீபாவளி நோம்புக்குத் தனியாகக் கஜ்ஜாயம் என்கிற அதிரசம் சுட்டு, மகளுக்கென்று ஒரு மஞ்சள் நோம்புக் கயிற்றை எடுத்து வைத்து, அடுத்த ஞாயிறுவரை காத்திருப்பாள். பொற்கொடி போய்ச் சேரும்போது கஜ்ஜாயம் பல்லைப் பதம் பார்க்கும். அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். கயிற்றைக் கட்டிவிட்டு, “காப்பி குடிக்கிறியா” என்பாள். 

இந்த வருடம் செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“ஏங்க, இந்த தீபாவளிக்கு எங்கம்மா வூட்டுக்குப் போலாங்க.”

முத்துக்குமார் அப்போது ஒரு மலைக்கணவாயைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தான். கண்ணை எடுக்காமல், “இந்த கேம்ல என்னைய ஒரே ஒரு தடவ ஜெயிச்சுக் காட்டு. போவோம்” என்றான்.

“சத்தியமா?”

“ஒங்க அம்மா மேல சத்தியம்.”

“எங்கம்மா எதுக்கு? உங்கம்மா மேல பண்ணுங்க.”

அவன் சிரித்துக்கொண்டே அவன் அம்மா மேலேயே சத்தியம் பண்ணினான். அருப்புக்கோட்டை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்க இன்னும் நான்கு வாரம் இருந்தது. அதற்குள் இவளாவது ஜெயிப்பதாவது.

பொற்கொடி இன்னொரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். போல்ட், பேரிங், ஆயில் சீல் என்று நாலாயிரம் வகைச் சாமானுக்கு அவள்தான் காவல். முத்துக்குமாருக்கு செகண்ட் ஷிஃப்ட் வரும் வாரங்களில் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, விளக்கேற்றிவிட்டு லேப்டாப் முன் உட்கார்ந்தாள். விளையாட்டைத் திறந்ததும் முதல் பொத்தானே டுடோரியல். புதிதாக வருகிறவர்களுக்கான ஆறு பாடங்கள். முத்துக்குமார் அதைத் தொட்டதே இல்லை. அது சின்னப் பிள்ளைகளுக்கு என்பான். பொற்கொடி முதல் பாடத்தையே நான்கு தடவை ஆடினாள். முதல் தடவை தன் பீரங்கியாலேயே தன் ஆட்களைச் சுட்டாள். அடுத்த தடவை டாங்கியை ஏரிக்குள் இறக்கிவிட்டு, ஏன் நகரமாட்டேன் என்கிறது என்று மவுஸைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

எப்படியோ ஆறு பாடமும் முடிந்தது. கம்ப்யூட்டரோடு முதல் முழு ஆட்டம். பொற்கொடி தன் டாங்கிகளையெல்லாம் ராணுவக் கிடங்குக்குப் பக்கத்தில் வரிசையாக, அழகாக நிறுத்தினாள். எதிரி ஒரு கிராமத்தைப் பிடித்தான். இரண்டு டாங்கி அனுப்பினால் மீட்கலாம். ஆனால் இரண்டை எடுத்தால் கையிருப்பு எட்டாகக் குறையும். பத்துக்குக் கீழே போனால் மேலதிகாரி கையெழுத்து இல்லாமல் சாமான் கொடுக்கக்கூடாது என்பது ஒன்பது வருடப் பழக்கம். கொடுக்கவில்லை. எதிரி அடுத்த கிராமத்தைப் பிடித்தான், அப்புறம் பாலத்தை, அப்புறம் தலைநகரத்தை. ஆட்டம் முடிந்தது. ஒரு டாங்கிக்கும் கீறல்கூட விழவில்லை.

மறுநாள் காலை முத்துக்குமார் அந்த ஆட்டத்தைத் திறந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். “படை பத்திரமா இருக்கு, நாடுதான் காணாமப் போச்சு. கேட் பாஸ் இல்லாம வெளிய விடமாட்டியோ?”

“சிரிங்க, சிரிங்க” என்றாள் பொற்கொடி. அவளுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் ஆடினாள். ஒன்பது ஆட்டம் தோற்றாள். செலவழிக்க வேண்டும் என்று புத்திக்குத் தெரிந்தது, கைதான் வரவில்லை.

நான்காவது சனிக்கிழமை. இரண்டு மணிக்கு வரவேண்டிய லாரி ஆறரைக்கு வந்தது. டிரைவர் கிருஷ்ணப்பன் பாகலூர்க்காரர், பெங்களூரிலிருந்து வாரம் மூன்று தடவை சரக்கு கொண்டுவருகிறவர். பொற்கொடி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“ஏனு மாடோது மேடம், என்ன பண்றது” என்றார் அவர். “அத்திப்பள்ளி பார்டர்ல நாலு மணி நேரம். இன்னிக்கி சனிக்கெழமயாச்சே, பெங்களூரே கெளம்பி வருது.”

“ரோட்ட யாராவது மறிச்சிட்டாங்களா?”

“ஒருத்தரும் மறிக்கல. ரோடு நல்லாத்தான் இருக்குது. நல்லா இருக்குதுன்னுதான் எல்லாரும் அதுலயே வந்து உழுந்தாங்க. எனக்கு முன்னாடி ஒரு வண்டி டீசல் இல்லாம நின்னுபோச்சி. பங்க் கண்ணுக்கு எதுர்லயே தெரியுது. போவவும் முடியல, திரும்பவும் முடியல. அந்தாளு என்ன பண்ணுவான், எறங்கி வேர்க்கடல தின்னுட்டு நின்னான்.”

பொற்கொடி சலானில் கையெழுத்துப் போடப் போனவள் அப்படியே நின்றாள். மூன்றாவது பாடம் ஞாபகத்துக்கு வந்தது. சாலையில் ஒரு கட்டத்துக்கு இரண்டு வில்லைதான் நிற்கும். எரிபொருள் லாரி சாலையில் மட்டுமே ஓடும்.

“மேடம், கையெழுத்து” என்றார் கிருஷ்ணப்பன்.

“போடறன், போடறன்” என்றவள் அவருக்கு டீ வாங்கிவரச் சொன்னாள். நான்கரை மணி நேரம் தாமதமாக வந்ததற்கு டீ கிடைத்தது அவருக்கு அதுவே முதல் தடவை.

மறுநாள் ஞாயிறு காலை பத்து மணி. சாயங்காலம் டிக்கெட் எடுத்தாக வேண்டும். முத்துக்குமார் பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு லேப்டாப் வாங்கி வந்திருந்தான். வரைபடத்தையும் அவனே எடுத்தான்: ஓர் ஆறு, ஒரு பாலம், பாலத்திலிருந்து ஊருக்கு நேராக ஒரு சாலை, இரண்டு பக்கமும் காடு. பெருந்தன்மையாக, ஊரைக் காக்கும் பக்கத்தை அவளுக்குக் கொடுத்தான். ஆளுக்குப் பன்னிரண்டு முறை. முடியும்போது ஊர் அவள் கையில் இருந்தால் குருபரப்பள்ளி, இல்லாவிட்டால் அருப்புக்கோட்டை.

“மொதல்ல பாலத்த ஒடச்சுரு. புதுசா ஆடுற எல்லாரும் அதத்தான் செய்யணும்.”

“நல்ல பாலங்க. எதுக்கு ஒடைக்கணும்?”

“ஸ்டோர்ஸ் புத்தி போகுதா பாரு” என்று அவன் சிரித்தான்.

பாலம் காலியாக இருந்தது. சாலையும் காலி. பொற்கொடியின் ஆட்கள் காட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றார்கள். முத்துக்குமாருக்கு வாயெல்லாம் பல். காலாட்படையை ஏற்றிய டாங்கிகளை முதலில் விட்டான், பின்னால் பீரங்கிகள், அதற்கும் பின்னால் எரிபொருள் லாரிகள். சாலையில் போனால் ஒரு முறைக்கு ஆறு கட்டம், காட்டில் போனால் ஒன்று. எந்த மடையன் காட்டில் போவான்? ஐந்தாவது முறையில் பாலத்திலிருந்து ஊர்ப்பக்கம்வரை சாலை நிரம்பி வழிந்தது.

ஆறாவது முறையில் பொற்கொடி காட்டிலிருந்து ஒரே ஒரு காலாட்படையை எடுத்து, முதல் டாங்கிக்கு முன்னால் நிறுத்தினாள். அடுத்த முறையில் அந்தப் படை காலியானது. இன்னொன்றை நிறுத்தினாள். அதுவும் காலி. ஒவ்வொன்றும் போகும்போது கையிருப்பில் ஒன்று குறைந்ததை அவள் எண்ணிக்கொண்டாள். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு முறையைத் தின்றது. ஒன்பதாவது முறையில் முன்வரிசை டாங்கிகளின் மேல் சிவப்பாக ஒரு பீப்பாய் தெரிந்தது.

“பெட்ரோல் இல்லையா?” முத்துக்குமார் லாரியைத் தேடினான். லாரிகள் பாலத்தின் அந்தப் பக்கம் நின்றன. நடுவில் அவனுடைய படையே அடைத்துக்கொண்டிருந்தது. பின்னால் நகர்த்தலாம் என்றால் பின்னாலும் அவன்தான்; காட்டுக்குள் ஒதுக்கி வழிவிட முறை போதாது.

ஆனாலும் அவன் லேசுப்பட்ட ஆளில்லை. மூன்று காலாட்படைகளை இறக்கிக் காட்டு வழியாக நடத்தினான். பதினோராவது முறையில் மூன்றும் ஊர் வாசலில் நின்றன.

பொற்கொடியிடம் மிச்சமிருந்தது இரண்டு பீரங்கிகள், ஆளுக்கு ஒரே ஒரு குண்டு. சுட்டால் கையில் ஒன்றுமே இருக்காது. வில்லையின் மேல் அவள் விரல் அப்படியே நின்றது. பத்துக்குக் கீழே போகக்கூடாது, மேலதிகாரி கையெழுத்து வேண்டும், நாளைக்குத் தேவைப்பட்டால் என்ன செய்வது என்று ஒன்பது வருடமும் சேர்ந்து அவள் கையைப் பிடித்தது. பிறகு அம்மா அலமாரியில் எடுத்து வைக்கும் மஞ்சள் கயிறு நினைவுக்கு வந்தது. ஒரு வாரம் பத்திரமாக வைத்துக் கட்டும் கயிறு. யாருக்காகப் பத்திரம்? இரண்டையும் சுட்டாள்.

மூன்றில் இரண்டு சிதறின. மூன்றாவது பின்வாங்கியது. முத்துக்குமாரின் பன்னிரண்டாவது முறை வந்தபோது ஊருக்கு எட்டும் தூரத்தில் நகரக்கூடியது எதுவும் இல்லை. அவன் அடைத்துக் கிடந்த சாலையை விரலால் தடவிக் காட்டினான்.

“அடியே, இது அத்திப்பள்ளி.”

“சனிக்கெழம சாயங்காலங்க” என்றாள் பொற்கொடி. சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “மூணாவது பாடத்துலயே இருக்குது. நீங்கதான் தொறந்தே பாக்கல.”

முத்துக்குமார் வார்த்தை மாறுகிறவன் இல்லை. ஆனால் அம்மாவிடம் சொல்லவேண்டுமே. “நீயே சொல்லிரேன்” என்று போனை நீட்டினான். “சத்தியம் பண்ணது நீங்கதான” என்று அவள் திருப்பித் தள்ளினாள். கடைசியில் ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததையெல்லாம் அவன் ஒப்பித்தான். சத்தியம் யார் மேல் என்பதை மட்டும் விட்டுவிட்டான்.

அந்தப் பக்கம் குக்கர் இரண்டு விசில் அடித்தது.

“அத்த, நீங்க மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க” என்று ஆரம்பித்தாள்.

“இரு தாயி” என்றாள் தங்கமணி. “நீங்க வரலைன்னா இங்க யாருக்குச் சமைக்கணும்? நானும் ஒங்க மாமாவுந்தான. அப்ப நான் சாத்தூருக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போகலாம்ல. தல தீவாளிக்குப் போனது. முப்பத்தி மூணு வருசமாச்சு.”

“சாத்தூர் இந்தா இருக்கேம்மா” என்றான் முத்துக்குமார். “நெனச்சா போய்ட்டு...”

பொற்கொடி அவனையே பார்த்தாள். அவன் லேப்டாப்பைப் பார்த்தான், பிறகு ஜன்னலைப் பார்த்தான்.

“ஒங்கப்பாவும் அதத்தான்யா சொல்லுவாக” என்றாள் தங்கமணி. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “தாயி, அந்த வெளாட்டு என் போன்ல வருமா? ஒங்க மாமாகிட்ட பந்தயம் கட்டணும்” என்றாள்.

“வரும் அத்த” என்றாள் பொற்கொடி. “மொதல்ல டுடோரியல் ஆடுங்க. எவ்ளோ சுலபமா இருந்தாலும் அத மட்டும் தாண்டிப் போயிடாதீங்க.”