ஹெர்மினியோவின் வயிற்றில் விசி

என் ஜன்னலுக்கு வருகிறவர்கள் யாரும் தலை நிமிர்ந்து வருவதில்லை. ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், படிக்கட்டுக்குப் பின்னால், மலப் பரிசோதனைக்கு டப்பா வாங்கும் ஜன்னல் அது. இருபத்தாறு வருஷமாக அதற்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். வங்கி மேலாளர், பாதிரியார், நகரசபை உறுப்பினர் எல்லாரையும் பார்த்தாயிற்று. கையில் இருப்பது என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அதைச் சென்ட் கடைப் பையில் போட்டு, ஏதோ எனக்குப் பிறந்தநாள் போல நீட்டுவார்கள்.

ஹெர்மினியோ மட்டும், மூடிவிட்ட தன் காபிக் கடையின் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னிக்குப் போட்டது, பொண்ணே. நேத்து சரக்கெல்லாம் நம்மகிட்ட கிடையாது."

எனக்கு ஐம்பத்துநாலு வயது. எங்கள் மாலகா ஊரில் கடை வைத்திருப்பவர்களுக்கு எண்பது வயதுக்காரியும் பொண்ணுதான். பேரைக் கேட்டார், சோலே என்றேன். அன்றிலிருந்து ‘சோலே பொண்ணு’ ஆனேன்.

அவருக்கு அறுபத்தொரு வயது, நூற்று இருபத்துநாலு கிலோ. மூன்று வருஷத்துக்கு முன் செய்த ஆபரேஷனின் தையல் உள்ளே விட்டுப்போய், தொப்புளுக்கு மேல் முலாம்பழம் அளவுக்குக் குடல் பிதுங்கியிருந்தது. அறுவை நிபுணர் மொரியல் அம்மா வார்த்தையை வீணாக்காதவர். "நூறு கிலோவுக்குக் கீழ வாங்க, சரிபண்றேன். இப்படியே கத்தி வெச்சா மேஜையிலயே போயிடுவீங்க. வைக்காம விட்டா ஒருநாள் குடல் அந்த ஓட்டையில மாட்டிக்கும், அப்பவும் போயிடுவீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதனால் ஹெர்மினியோ பேராசிரியர் வில்லோத்ரெஸின் ஆராய்ச்சியில் சேர்ந்தார். ரொட்டி கிடையாது, சோறு கிடையாது, பருப்பு கிடையாது. ஒரு நாளைக்கு ஐந்து பொட்டலம்: ஆம்லெட் என்று எழுதியிருக்கும் மஞ்சள் நிறத் தூள், சூப் என்று எழுதியிருக்கும் பழுப்புத் தூள். எண்ணூறு கலோரிக்குள் நாள் முடிந்துவிடும். உடம்பு வேறு வழியில்லாமல் தன் கொழுப்பையே எடுத்து எரிக்கும். அதோடு தினம் ஒரு வெள்ளைப் பொடி. பாதிப் பேருக்கு அதில் உயிருள்ள நல்ல பாக்டீரியாவும் அவற்றுக்கான நார்த் தீனியும் இருக்கும். மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கடைசி வரை யாருக்கும் தெரியாது. இதெல்லாம் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களை என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் டப்பாக்கள்: ஆரம்பத்தில் ஒன்று, இரண்டாம் மாதம் ஒன்று, முடிவில் ஒன்று.

இரண்டே மாதத்தில் ஹெர்மினியோ பதினைந்து கிலோ இறங்கினார். ஒரு குறையும் சொல்லவில்லை. மனைவி விசி போன அக்டோபரில் இறந்ததிலிருந்து எதைத் தின்றாலும் காகிதம் மாதிரிதான் இருக்கிறது, அது ஆம்லெட் தூளாக இருந்தால் என்ன என்றார். முப்பத்துநாலு வருஷம் இருவரும் சேர்ந்து ஹுவெலின் பேட்டையில் கடை நடத்தியவர்கள். காலைக் கூட்டம் ஓய்ந்ததும் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். இரண்டாவது தட்டு எடுத்தால் அதையும் யார் கழுவுவது என்பாளாம் விசி.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பேராசிரியர் உரையாற்றினார்.

வில்லோத்ரெஸ் மோசமான மனிதர் இல்லை. மைக் இல்லாதபோது கிட்டத்தட்ட நல்லவர். ஆனால் திரையும் தண்ணீர் பாட்டிலும் கண்ணில் பட்டால் போதும், குடல் அவருக்குக் குடலாக இருக்காது. "நண்பர்களே! உங்கள் ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு குடியரசு இருக்கிறது" என்று தொடங்கினார். நாற்பது குண்டு மனிதர்கள், காலையில் ஆம்லெட் தூள் குடித்துவிட்டு வந்தவர்கள், தங்கள் குடியரசின் மேல் கைவைத்துக்கொண்டு கேட்டார்கள். ரொட்டியையும் பருப்பையும் நம்பி வாழ்ந்த குடிகள் இந்தப் பத்தியத்தில் வாடிப்போகும், வேறு குடிகள் பெருகும், பொடி வழியாகப் புதியவர்கள் வருவார்கள் என்றார். அதுவரை சரி. அங்கே நிறுத்தியிருக்கலாம். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, ஒரே தட்டில் உண்டு, முத்தமிட்டுக்கொள்ளும் தம்பதியரின் குடியரசுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன! கவிஞர்கள் பொய் சொல்லவில்லை. கணவன் தன் மனைவியை உண்மையாகவே தனக்குள் சுமக்கிறான்!"

கைதட்டினார்கள். ஹெர்மினியோ கைதட்டவில்லை. கடைசி வரிசையில், வாயைக் கொஞ்சம் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஜன்னலுக்கு வந்தார், கையில் பெட்டி இல்லாமல்.

"சோலே, நான் மொதல்ல குடுத்த டப்பா எங்க இருக்கு?"

"கீழ உறைபெட்டியில. ஏன்?"

"ஒண்ணுமில்ல. பத்திரமா இருக்கில்ல?"

"துருவக் கரடி கூட அவ்வளவு பத்திரமா இருக்காது."

அவர் சிரிக்கவில்லை. நான் கவனித்திருக்க வேண்டும்.

பங்கேற்பவர்கள் வாரம் ஒருமுறை சிறுநீரில் ஒரு பட்டைத்தாளை நனைத்துக் காட்ட வேண்டும். உடம்பு கொழுப்பை எரித்துக்கொண்டிருந்தால் தாள் ஊதாவாகும். அதுவரை பேராயரின் அங்கி நிறத்தில் இருந்த ஹெர்மினியோவின் தாள் அடுத்த வாரம் வெளிறிப்போய் வந்தது. அதற்கடுத்த வாரமும். எடை மூன்று கிலோ ஏறியிருந்தது.

"என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"ஹெர்மினியோ, உங்க மீசையில ரொட்டித் துகள் இருக்கு."

மீசையைத் துடைத்துக்கொண்டார்.  பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"காலையில சிவப்புப் பன்றிக் கொழுப்பு தடவின பன். மத்தியானம் கொண்டைக்கடலைக் குழம்பு. அவ சாப்பிட்டதுதான், வேற எதுவும் தொடல. அவளோட பூச்சிங்க உள்ள பட்டினி கிடக்குது, சோலே. பன் இல்லாம ஒரு காலை இருந்தவ இல்ல அவ. நான் பாட்டுக்கு ரெண்டு மாசமா கதவச் சாத்திட்டு இருந்திருக்கேன். அந்தப் பொடியையும் நிறுத்திட்டேன். யாரோ எவனோ வந்து அவ இடத்துல உக்காரவா?"

"அதெல்லாம் பேராசிரியர் ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"உண்மையாகவேன்னு சொன்னாரு. நான் அங்கதான் இருந்தேன்."

சொன்னார்தான். நானும் அங்கேதான் இருந்தேன்.

இன்னும் ஒரு வாரம் தாள் வெளிறி வந்தால் ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடுவார்கள். பொட்டலம் நின்றுவிடும், எடை ஏறும், மொரியல் அம்மா தொட மாட்டார். இதை நான் சொல்லச் சொல்ல, "தெரியும், தெரியும்" என்று தலையாட்டினார். பயம் இல்லாத தலையாட்டல். அவருக்குப் பின்னால் மூன்று பேர் சென்ட் கடைப் பையோடு காத்திருந்தார்கள். ஒரு பெண் இரண்டு தரம் இருமிவிட்டாள். இரக்கத்தால் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அவசரத்தால் செய்தேன்.

கீழ்த்தளத்திலிருந்து வந்திருந்த அறிக்கைகளில் அவருடையதை உருவினேன். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு தூண், தூணில் பல வண்ணப் பட்டைகள், ஒவ்வொரு பட்டைக்கும் வாயில் நுழையாத ஒரு லத்தீன் பெயர். முதல் தூணில் ஒரு பச்சைப் பட்டையைக் காட்டினேன்.

"இது அவங்களோடது."

அவர் குனிந்தார்.

"ரெண்டாவது டப்பாவிலயும் இருக்கு, பாருங்க. கொஞ்சம் இளைச்சிருக்கு, அவ்வளவுதான். பட்டினி போட்டாலும் போகல. ரொட்டி தின்னாத்தான் இருப்பேன்னு அடம்பிடிக்கறவங்களா உங்க வீட்டம்மா?"

"இல்ல," என்றார். "அடமே பிடிக்க மாட்டா." விரலால் அந்தப் பச்சையைத் தொட்டார். காகிதத்தில் எண்ணெய்க் கறை விழுந்தது.

அதற்கப்புறம் தாள் ஒரு வாரமும் தவறாமல் ஊதாவாக வந்தது. பொடியையும் குடித்தார். புதியவர்கள் வந்தால் அவளுக்குப் பேச்சுத்துணையாக இருக்கட்டும் என்றார். எடை நூற்றெட்டு, நூற்று நாலு, நூறு. எடை காட்ட வரும்போதெல்லாம் என் ஜன்னலில் நின்று, "பச்சை எப்படி இருக்கு?" என்பார். "நல்லா இருக்கு" என்பேன், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வது போல. பேராசிரியர் அவர் எடை வரைபடத்தைச் செவில்யாவில் நடந்த மாநாட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். பத்தியத்தால் குடல் பாக்டீரியாவின் வகைகள் கூடுகின்றன, பொடி அதற்கு உதவக்கூடும், உதவாமலும் இருக்கக்கூடும், மேலும் ஆராய வேண்டும் என்று மேஜையைத் தட்டி அறிவித்தாராம்.

ஜூன் மாதம் தொண்ணூற்றெட்டரை கிலோவில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள்.

அன்று காலை எட்டரைக்கு வார்டிலிருந்து போன். "உங்க ஆளு ஊசி போட விடமாட்டேங்கறாரு. சோலேயைக் கூப்பிடுன்னு மட்டும் சொல்றாரு."

மாடிக்கு ஓடினேன். ஹெர்மினியோ முதுகு திறந்த ஆஸ்பத்திரி அங்கியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தொங்கிப்போன தோலுக்கு நடுவில் அந்த முலாம்பழம் இன்னும் பெரியதாகத் தெரிந்தது. பக்கத்தில் ஓர் இளம் நர்ஸ், கையில் மருந்துப் பையோடு, அழுகிற நிலைமையில்.

"நான் ஒண்ணும் தப்பா சொல்லல. இது எதுக்குன்னு கேட்டாரு. ஆன்டிபயாட்டிக், பாக்டீரியாவைக் கொல்லும்னேன். எதைன்னு கேட்டாரு. எல்லாத்தையும்தான்னேன்."

"கேட்டியா?" என்றார் ஹெர்மினியோ என்னிடம். "எல்லாத்தையுமாம்."

"போன ஆபரேஷன்லயும் போட்டிருப்பாங்களே. அப்ப ஒத்துக்கிட்டீங்களே."

"அப்ப அவ வீட்ல இருந்தா, பொண்ணே. நீங்க கொன்னாலும் சாயங்காலம் ஒரு தட்டுல சாப்பிட்டா திரும்பி வந்திருப்பா. இப்ப எங்கேர்ந்து வருவா?"

மொரியல் அம்மா கதவருகில் வந்து நின்றார். வயிற்றுச் சுவருக்கு வலை வைத்துத் தைக்கப்போகிறார். இந்த மருந்து இல்லாமல் வைத்தால் சீழ் பிடிக்கும், அதனால் வைக்க மாட்டார். "பத்து நிமிஷம். இல்லேன்னா அடுத்த ஆளைக் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் பக்கம் அவர் பார்த்த பார்வையில், இதற்குப் பின்னால் ஏதோ ஒரு முட்டாள் இருக்கிறான், அது யார் என்று தேடுவது தெரிந்தது.

நர்ஸை வெளியே அனுப்பினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அந்தப் பச்சை விசி இல்ல, ஹெர்மினியோ."

"என்னது?"

"சும்மா சொன்னேன். அது எல்லார் வயித்துலயும் இருக்கறது. எனக்கு இருக்கு, அந்த நர்ஸுக்கு இருக்கு, பேராசிரியருக்கும் இருக்கு."

"பேராசிரியருக்குமா?" என்றார். ஒரு நொடி, உண்மையாகவே அருவருத்தார்.

"ஆமா."

"சரி, அப்ப அவளோடது எது? மஞ்சளா?"

"தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது. எது அவங்ககிட்டேர்ந்து வந்ததுன்னு சொல்லணும்னா அவங்களோட டப்பா ஒண்ணு வேணும். ரெண்டையும் பக்கத்துல வெச்சாத்தான் தெரியும். அவங்ககிட்ட யாரும் வாங்கல."

அவர் என்னைப் பார்த்தார். வெகுநேரம் கணக்குப் போடுவது போல உதடு அசைந்தது.

"ரெண்டரை வருஷம் இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தா. வாரா வாரம் ரத்தம் எடுத்தீங்க. மூத்திரம் வாங்கினீங்க. மார்ல ஒரு துண்டு வெட்டி எடுத்தீங்க, முதுகுலேர்ந்து தண்ணி எடுத்தீங்க. இது ஒண்ணை மட்டும் எடுக்கலையா?"

"தேவைப்படல."

"கேட்டிருந்தா குடுத்திருப்பாளே. ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாளே."

 தாழ்வாரத்தில் ஒரு தள்ளுவண்டி போகிற சத்தம் கேட்டது.

"அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒவ்வொரு வாரமும், நல்லா இருக்குன்னு சொன்னியே. அப்பவும்?"

"அப்பவும்."

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கத்தவில்லை. சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கியின் திறந்த முதுகில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. இருபத்தைந்து கிலோ போன இடம் அது. அந்த முதுகு குலுங்கியது. அக்டோபரில் சவ அடக்கத்தின்போது இவர் அழவில்லை, வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று அவர் மச்சினி ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தாள்.

"நீ போ," என்றார், திரும்பாமலே. பொண்ணே என்று சொல்லவில்லை. "அந்த நர்ஸுப் புள்ளைய வரச் சொல்லு."

நர்ஸ் உள்ளே போனாள். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் கையை நீட்டினார். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார், யாரையோ வழியனுப்ப வந்தவர் போல.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஆறாம் நாள் வீட்டுக்குப் போனார். வயிறு தட்டையாகிவிட்டது, நடக்கிறார், ரொட்டி சாப்பிடுகிறார், இதெல்லாம் மச்சினி சொல்லித்தான் தெரியும். என் ஜன்னலுக்கு அவர் வரவேயில்லை. மூன்றாவது டப்பா வரவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை.

ஆராய்ச்சிப் பதிவேட்டில் ஓர் இடம் காலியாக இருந்தால் பேராசிரியருக்குத் தூக்கம் வராது. விலகியவர்களுக்கென்று ஒரு படிவம் இருக்கிறது, அதை நிரப்பச் சொன்னார். அதில் காரணத்துக்கு ஐந்து கட்டம்: இடமாற்றம், பக்கவிளைவு, விருப்பமின்மை, குடும்பத்தில் மரணம், வேறு. நான் நான்காவதில் குறியிட்டேன். யார் என்று கேட்டிருந்தது, மனைவி என்று எழுதினேன். தேதி கேட்டிருந்தது. ஆபரேஷன் நடந்த அன்றைய தேதியைப் போட்டேன்.

பேராசிரியர் வாங்கிப் பார்த்தார். "பாவம், மூணாவது டப்பா பதிவேட்டுல ஏறாமப் போயிடுச்சே" என்றார். கையெழுத்துப் போட்டார்.