பாகல் கொடிக்கு ஒரு பிளாஸ்டிக் வீடு

ஆற்றிலிருந்து ஈர வேட்டியோடு திரும்பிய ஜம்பு, கொல்லைக் கதவைத் தள்ளியவர் அப்படியே நின்றுவிட்டார். பிளாஸ்டிக் வீட்டுக்குள் யாரோ நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

வழக்கமாக அவர் முழுகி, படித்துறைப் பிள்ளையாரைச் சுற்றி, ஜபத்தையும் முடித்து வருவதற்குள் வெயில் ஏறிவிடும். அன்று மலையில் நல்ல மழை. தாமிரபரணி செக்கச்செவேலென்று கலங்கி ஓடியது. மேல் படியிலேயே நின்று அவசரமாக ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்துவிட்டார். அதனால்தான் பார்க்கக் கூடாததைப் பார்க்கும்படி ஆயிற்று.

அந்த வீடு மனிதர்கள் குடியிருக்கும் வீடல்ல, பாகல் கொடி குடியிருக்கும் வீடு. கல்லிடைக்குறிச்சி அக்ரஹாரத்தில் அப்படி ஒன்று அதற்கு முன்னால் கிடையாது. போன வருஷம் ஐப்பசியில் அம்மாவின் சிராத்தத்துக்குப் பாகற்காய் கிடைக்காமல் ஜம்பு அலைந்த அலைச்சல் அவருக்குத்தான் தெரியும். அடைமழையில் கொடியெல்லாம் அழுகிப் போயிருந்தது. கடைசியில் அம்பாசமுத்திரம் சந்தையில் கொஞ்சம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் கருவாட்டு வாடை. பக்கத்துக் கூடை எதுவென்று அவர் கவனிக்கவில்லை. அத்தனையையும் குப்பையில் கொட்டினார். பாகற்காய் இல்லாத சிராத்தமா என்று அவர் மனது வருஷம் முழுக்க அரித்துக்கொண்டே இருந்தது. அம்மா பசியோடு திரும்பிப் போய்விட்டாள் என்றே நம்பினார்.

அப்புறம் திருநெல்வேலிப் பொருட்காட்சியில் மூங்கில் வளைவின் மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்திய சின்னக் கூடாரம் ஒன்றைக் கண்டார். உள்ளே கத்தரியும் வெண்டையும் தளதளவென்று நின்றன. மழை அடிக்காது, பூச்சி வராது, ஏழைக்கும் கட்டுப்படியாகும் என்று அங்கே இருந்தவர் விளக்கினார். மற்றவர்களெல்லாம் காய்கறியைப் பார்த்தார்கள். ஜம்பு மடி ஆசாரத்தைப் பார்த்தார். காக்கை அலகு படாமல், நாய் நுழையாமல், கண்டவர் கை தொடாமல் ஒரு கொடியை வளர்க்கலாமே!

மூங்கிலை வளைத்துக் கட்ட வன்னியராஜ் வந்தான். மேலே தாள் போர்த்தியாயிற்று. முழுக்க மூடினால் செடி வெந்துபோகும் என்று கேள்விப்பட்டிருந்ததால், காற்றுக்காக நான்கு பக்கமும் கொசுவலையை இழுத்துக் கட்டச் சொன்னார் ஜம்பு.

"சாமி, எங்க தெருவுல மனுசனுக்கே கொசுவலை கெடையாது. நீங்க பாவக்காய்க்குக் கட்டுதியளே" என்றான் வன்னியராஜ்.

ஜம்பு சிரித்துக்கொண்டார். தாலுகா ஆபீஸுக்குப் போகுமுன் தினமும் ஈரத் துணியோடு ஆற்று ஜலம் கொண்டுவந்து தாமே ஊற்றினார். மனைவி பாலாம்பாளிடம் மட்டும், அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தார்.

கொடி ஏறியது. பந்தல் கொள்ளாமல் மஞ்சள் பூ பூத்தது. ஆனால் ஒரு காய் நிற்கவில்லை. பூவுக்கு அடியில் சுருள் சுருளாகத் தெரிந்த பிஞ்சுகள் இரண்டே நாளில் மஞ்சளித்து உதிர்ந்தன. வேப்பம் புண்ணாக்குப் போட்டுப் பார்த்தார். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். திதி நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. நேற்றுத்தான், முதல்முறையாக, நாலைந்து பிஞ்சுகள் உதிராமல் பச்சையாக நின்றன. பிள்ளையார் கண் திறந்துவிட்டார் என்று பாலாம்பாளிடம் தூரத்தில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். அவள் மாதவிலக்காகிக் கொல்லைப்புற அறையில் ஒதுங்கியிருந்தாள்.

இப்போது, வெளுத்த தாளுக்குப் பின்னால், ஆவி படிந்த மங்கலில், ஓர் உருவம் கையை உயர்த்துகிறது, குனிகிறது, மறுபடி உயர்த்துகிறது. திருடன் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு புடவையின் பச்சை நிறம் தெரிந்தது. ஒதுங்கியிருக்கும் நாட்களில் மட்டும் பாலாம்பாள் உடுத்தும் பழம்புடவை அது.

அந்த நாட்களில் கை பட்டால் துளசியே கருகிப் போகும் என்று அம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்தவர் அவர். அம்மாவின் திதிக்கான கொடி அது.

சொம்பு நழுவிக் கல்லில் விழுந்தது. உள்ளே இருந்த உருவம் உறைந்து நின்றது.

"பாலா" என்றார். "என்ன காரியம் பண்ணிண்டிருக்கே?"

"கொஞ்சம் நகர்ந்துக்கோங்கோ. வாசல்ல நிக்கறேள். நான் வந்தா மேல பட்டுடும்."

அந்த நேரத்திலும் தம் மடியைத்தான் அவள் காக்கிறாள் என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது. அப்போது அவர் நகரவில்லை. வலை வழியாக அவள் கையைப் பார்த்தார். இதழ் உரித்த ஒரு ஆண்பூ விரல் நடுவில் இருந்தது.

"எத்தனை நாளா?"

"ஒதுங்கின நாள்லேர்ந்து. இங்கே உக்காந்துண்டு வேற என்ன பார்க்கறது? வண்டெல்லாம் வந்து வந்து வலையில முட்டிண்டு திரும்பிப் போறது. உள்ளே பூவெல்லாம் சும்மாப் பூத்து விழறது. ராத்திரி உங்களுக்குத் தூக்கமே இல்லையேன்னு நினைச்சேன். நான் வெறுமனேதானே இருக்கேன், ஒரு பூவை எடுத்து இன்னொண்ணுல தொட்டு வெச்சா என்னன்னு..."

"நேத்து நின்ன பிஞ்சு?"

"நான் தொட்டதுதான்."

ஜம்பு கொடியைப் பார்த்தார். மடியோடு தாம் மட்டும் பார்த்துப் பார்த்து வளர்த்த பக்கம் மஞ்சளித்துக் கிடந்தது. அவள் கை பட்ட இடமெல்லாம் பச்சை. கண்ணை மூடித் திறந்தார். மறுபடியும் பச்சையாகவே இருந்தது.

"அம்மாவுக்குத் திதி, பாலா. அம்மா பார்த்தா என்ன சொல்லுவா?"

பாலாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, சொல்லலாமா கூடாதா என்று தயங்குகிற குரலில், "அம்மாதான் எனக்குக் காட்டினா" என்றாள்.

அவள் கல்யாணமாகி வந்த புதிது. அதுவும் ஓர் ஐப்பசி. மாமியாரும் மருமகளுமாக ஒரே சமயத்தில் அந்த அறையில் ஒதுங்கியிருந்தார்கள். விடாத மழையில் வண்டு எட்டிப் பார்க்கவில்லை. மாமியார் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு நனைந்தபடி போய், கிணற்றடிப் பாகல் கொடியில் ஒவ்வொரு பூவாகத் தொட்டுவிட்டு வந்தாள். மழை வருஷமெல்லாம் இப்படித்தான் என்றாளாம்.

"சிரிச்சுண்டே சொன்னா. அவனுக்குப் பாகற்காய்னா உசிரு, ஆனா இது தெரிஞ்சா தொட மாட்டான், சொல்லிடாதேன்னா. நானும் சொல்லலை."

ஜம்பு துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். அந்தத் தெருவில் மடிக்கு அளவுகோலே அவர் அம்மாதான். எத்தனை ஐப்பசி, எத்தனை பாகற்காய்! இன்னும் ஒரு கரண்டி என்று இலையை நகர்த்தி நகர்த்திக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் அவர். அவ்வளவும் ஒதுங்கியிருந்த நாட்களில் தொட்ட கையால் வந்தது! அம்மா அந்த மழையில் நனைந்துகொண்டு நின்றதை மட்டும் மனதிலிருந்து நகர்த்த முடியவில்லை.

அவர் அப்படி உட்கார்ந்ததைப் பாலாம்பாள் கோபம் என்று எடுத்துக்கொண்டாள். "வேண்டாம்னா எல்லாத்தையும் கிள்ளிப் போட்டுடறேன். சிராத்தத்துக்குச் சந்தையிலேயே வாங்கிக்கோங்கோ" என்று ஒரு பிஞ்சின் காம்பில் விரலை வைத்தாள்.

"கிள்ளாதே."

தம் குரலைக் கேட்டுத் தாமே திடுக்கிட்டார். எழுந்து, வாசலை விட்டுத் தள்ளி நின்றார்.

"அது அம்மாவுக்கு" என்றார் மெதுவாக.

திதியன்று, எப்போதோ ஸ்நானம் செய்து மடியான பாலாம்பாள் பாகற்காய்க் கறி சமைத்தாள். பிராமணர்கள் திருப்தியாகச் சாப்பிட்டு எழுந்தார்கள். ஜம்பு பிண்டம் வைத்தார். புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிராத்தம் பண்ணி வைத்துத் தாம்பூலம் வாங்கிக்கொண்ட வாத்தியார் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்து, பிளாஸ்டிக் வீடு பலன் கொடுத்துவிட்டதே, யார் கையும் படாமல் வளர்ந்த காய் அல்லவா என்று மெச்சினார்.

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அன்று அம்மா வந்து போகிற நாள்.

"இல்லை வாத்தியாரே. யார் கையும் படாம இருந்தப்போ ஒண்ணுகூட நிக்கலை. இவ கை பட்டுத்தான் காய்ச்சது. அந்தக் காலத்துல எங்கம்மா கை."

வாத்தியாருக்குப் பாதிதான் புரிந்தது. கதவோரத்தில் தட்டோடு நின்ற பாலாம்பாள், கேட்டது மெய்தானா என்று, தட்டைக் கீழே வைக்கவும் மறந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.