லீனாவின் ஆரஞ்சுப் படிகம்

லீனா ஐந்து நிறத்தில் படிகம் வளர்த்தவள். இரண்டு கரிமச் சேர்மங்கள், உருவத்தில் இரட்டைப் பிள்ளைகள். ஒரே கரைசலில் விட்டால் இரண்டும் ஒரே படிகத்துக்குள் சண்டையில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். காபியில் டிகாஷனைக் கூட்டிக் குறைப்பதுபோல ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்தால், புற ஊதா விளக்கின் கீழ் நீலம், பச்சை என்று நிறம் மாறிக்கொண்டே போய்க் கடைசியில் ஆரஞ்சாக ஒளிரும். மின்சாரத்துக்குப் பதில் ஒளியே ஓடும் சில்லுகளுக்கு இது உதவும் என்று அவள் எழுதிய கட்டுரையை ஆய்விதழ்க்காரர்கள் ஏறக்குறைய ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஐந்து நிறத்தையும் இன்னொரு முறை வளர்த்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அது வந்தால்தான் கட்டுரை, கட்டுரை வந்தால்தான் பட்டம்.

அந்த இன்னொரு முறைதான் வரவில்லை. எத்தனை குப்பி வைத்தாலும் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்தது. விளக்கைக் காட்டினால் பேருக்குக்கூட மினுங்கவில்லை.

காரணம் பிறகு தெரிந்தது. எக்ஸ்ரே சோதனைக்குத் தூள் வேண்டும் என்று, படிகம் வளர்க்கிற அதே மேசையில் உட்கார்ந்து படிகத்தைக் கல்வத்தில் அரைத்திருக்கிறாள். அரைத்த அழுத்தத்தில் அதே மூலக்கூறுகள் வேறு மாதிரி அடுக்கிக்கொண்டு, ஒளிராத, ஆனால் இன்னும் உறுதியான வெள்ளைப் படிகமாகிவிட்டன. அதன் தூசி துளி விழுந்தால் போதும், மொத்தக் கரைசலும் அதைப் பார்த்தே அடுக்கிக்கொள்ளும். கழுவினாள், துடைத்தாள், எல்லாவற்றையும் புதிதாக வாங்கினாள். ஆஸ்டின் டவுன் வீட்டு மாடியில் வைத்துப் பார்த்தாள். அங்கேயும் வெள்ளை. தூசி அவளோடேதான் வீட்டுக்கு வந்திருக்கிறது. அம்மா சிந்தியா சிவாஜிநகர் மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள். படித்த படிப்பெல்லாம் கைவிட்ட இடத்தில் அது ஒன்றும் மோசமான யோசனையில்லை.

கடைசியில் கைடு ராகேஷ் ஒரு வழி சொன்னார். ஊரின் மறுகோடியில், வேறொரு ஆராய்ச்சிக்கூடத்தில் லீனாவின் சிநேகிதி ஷ்ரேயா இருந்தாள். அவள் புது கெமிக்கல் வாங்கி வளர்க்கட்டும் என்றார்.

"ஆனா நீ அந்தப் பக்கமே போகக்கூடாது லீனா. உன் தலைமுடியிலகூட இருக்கும்."

பெற்ற பிள்ளையைத் தூக்காதே என்று சொன்னது போல இருந்தது அவளுக்கு. சரி சார் என்றாள்.

லீனா போனில் சொல்லச் சொல்ல ஷ்ரேயா ஐந்து குப்பிகள் வைத்தாள். ஒரு மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"லீனா, ஆரஞ்சு வந்துடுச்சுடி! ஊசி ஊசியா, சக்கத்தா, அவ்ளோ அழகா இருக்கு. மத்த நாலும் இன்னும் தெளிவாத்தான் இருக்கு. நாளைக்குள்ள வந்துடும் பாரு."

லீனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே போகப்போவதில்லையே, வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தால் யாருக்கு என்ன நஷ்டம்? தலைக்குக் குளித்து, புதுச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு நாலடி தள்ளியே நின்றாள். உள்ளேயிருந்து ஷ்ரேயா குப்பியைத் தூக்கி விளக்கைக் காட்டினாள். தணல் போல ஆரஞ்சு. லீனா அழுதுவிட்டாள்.

அழுகிற சிநேகிதியைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்க்க ஷ்ரேயாவுக்கு மனசு வருமா? குப்பியை வைத்துவிட்டு வெளியே ஓடி வந்தாள்.

"எதுக்குடி அழுவுற? உன் கஷ்டம் முடிஞ்சுது," என்று இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

லீனாவும் கட்டிக்கொண்டாள். தொட்டதெல்லாம் கெட்டுப்போய்க் கிடந்தவளை ஒருத்தி தானாக வந்து அணைத்தது எவ்வளவோ ஆறுதலாக இருந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை, சத்தியமாகத் தோன்றவில்லை.

லீனாவைக் கட்டிக்கொண்ட அதே ஆய்வுக்கூடக் கோட்டோடு ஷ்ரேயா உள்ளே போனாள். நேரே அலமாரிக்குப் போய், மிச்ச நாலையும் காட்டிவிடும் ஆசையில், முதல் குப்பியின் மேலிருந்த காகிதத்தை விலக்கினாள்.

"ஷ்ரேயா! கோட்டு! கோட்டைக் கழட்டு!"

லீனா கண்ணாடியைத் தட்டினாள். ஷ்ரேயா சிரித்துக் கையசைத்துவிட்டு அடுத்ததைத் திறந்தாள். லீனா போன் அடித்தாள். ஷ்ரேயாவின் போன் வெளியே செருப்பு ஸ்டாண்டின் மேல் பாடியது. கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே ஓடித் தடுக்கலாம்தான். ஆனால் ஓடினால் ஷ்ரேயாவின் கூடமே போயிற்று, இனி அங்கேயும் எதுவும் வளராது. கைப்பிடியில் வைத்த கையை எடுக்கவும் முடியாமல் திருகவும் முடியாமல் நின்றாள். ஷ்ரேயா நாலாவதையும் திறந்தாள்.

முதல் குப்பியைத் தூக்கிக் காட்ட வந்த ஷ்ரேயாவின் சிரிப்பு பாதியில் நின்றது. தெளிந்திருந்த கரைசலின் அடியிலிருந்து பால் கலந்தாற்போல வெள்ளை ஏறிக்கொண்டிருந்தது.

"நான் என்னடி பண்ணேன்?" என்று அவள் உதடு அசைந்தது.

நீ ஒன்றும் பண்ணவில்லை, என்னைக் கட்டிக்கொண்டாய், அவ்வளவுதான் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து எப்படிச் சொல்வது?