எட்டாம் மாதத்துக் கிரகணம்

ஆரணி பிறந்து மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காதபோதே உரும்பிராயில் அந்த வீட்டுக்குள் பேச்சுத் தொடங்கிவிட்டது. அவளின் தாய் நிரோஜினி எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது சூரிய கிரகணம் வந்தது. காலை வெளிச்சம் மங்கியதில் ஆடு மிரண்டு கத்த, அதைக் கொட்டிலில் கட்டுவதற்காக அவள் முற்றத்தில் இறங்கினாள். மாமியார் பத்மாவதி அதைக் கண்டுவிட்டாள். "சொல்வழி கேளாதவள், பிள்ளையின்ரை கண்ணைக் கெடுத்துப்போட்டாள்" என்ற ஏச்சு நாலு வருடமாக ஓயவில்லை.

பத்மாவதி அவளுக்கு வெறும் மாமியார் அல்ல, தகப்பனின் கூடப்பிறந்த அக்கா. விரும்பித்தான் தம்பி மகளைத் தன் மகன் சிவகரனுக்குக் கட்டிவைத்தாள். நிரோஜினி ஒருநாளும் எதிர்த்துக் கதைத்ததில்லை. கிரகணத்தால்தான் பிள்ளையின் கண் கெட்டது என்று அவளும் நம்பினாள்.

யாழ்ப்பாணத்தில் கண் வைத்தியர் ஜெசிதா தாய், தகப்பன், பிள்ளை மூவரின் இரத்தத்தையும் பரிசோதனைக்காக வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தார். முடிவு வந்த அன்று கணவனும் மனைவியும் அவர் முன்னால் போய் இருந்தார்கள்.

"கண் உருவாகத் தொடங்கேக்கை கலங்கள், அதுதான் செல்லுகள், எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும்," என்றார் வைத்தியர். "இந்தக் கலம் நரம்பாக வேணும் எண்டு சொல்லுறதுக்கு ஒரு புரதம் இருக்கு. படியெடுத்தல் காரணி எண்டு சொல்லுவினம். அது பரம்பரை அலகுகளிலை, ஜீன் எண்டு சொல்லுறதிலை, போய் ஒட்டி, வேண்டியதை வேலைசெய்ய வைக்கும். ஆரணிக்கு அந்தப் புரதம் இல்லை. அதாலை விழித்திரையிலையிருந்து மூளைக்குப் போற நரம்புக் கலங்கள் உண்டாகேல்லை."

"இனி உண்டாக்க ஏலாதோ?" சிவகரன் கேட்டான்.

"ஏலாது."

பிறகு நிரோஜினி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "உது எத்தினையாம் மாசத்திலை நடக்கிறது, டொக்டர்?"

"ரெண்டாம் மூண்டாம் மாசத்திலை."

"எட்டாம் மாசத்திலை நான் ஏதும்..."

வைத்தியர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப கண் உருவாகி முடிஞ்சுது அம்மா. நீங்கள் ஏதும் செய்ததாலை வந்ததில்லை. உங்கள் ரெண்டு பேரிட்டையும் அந்தப் புரதத்தை உண்டாக்கிற அலகிலை ரெண்டு பிரதியிலை ஒண்டு பழுது. மற்றது நல்லதாய் இருக்கிறபடியாலை உங்களுக்குக் குறை தெரியாது. பிள்ளைக்கு ரெண்டும் பழுதாய்ப் போச்சு. சொந்தத்துக்கை கட்டினனீங்கள்தானே?"

"ஓம். என்ரை அம்மாவும் இவவின்ரை அப்பாவும் சகோதரம்," என்றான் சிவகரன்.

"அப்ப அவையளுக்குள்ளாலைதான் வந்திருக்கு."

மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது நிரோஜினி அழுதாள். அழுகை ஓய்ந்ததும் ஆத்திரம் வந்தது. "உங்கடை இரத்தத்தாலைதான் மாமி." மாமியின் வாயை அடைக்க அந்த ஒரு சொல் போதும். வீடு வரும்வரை அதையே மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

பத்மாவதி குசினியில் ஆரணியை மடியில் வைத்துச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். "என்னவாம்?" என்றாள்.

சிவகரன் வாசலிலேயே நின்றுவிட்டான். நிரோஜினிதான் சொன்னாள், வைத்தியர் சொன்னபடியே.

சோற்றுக் கவளத்தோடு பத்மாவதியின் கை நடுவில் நின்றது. "அப்ப... என்னாலையோ?"

அது நாலு வருடமாக நிரோஜினி தன்னையே கேட்டு மாய்ந்த கேள்வி. தயாராக வைத்திருந்த சொல்லை அவள் விட்டுவிட்டாள்.

"ஒருத்தராலையும் இல்லை, மாமி."

பத்மாவதி மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. சீலைத் தலைப்பால் குழந்தையின் வாயைத் துடைத்தாள். "வெளிச்சமும் தெரியாதோ பிள்ளைக்கு?"

"தெரியாது."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"நீங்கள் கேக்கேல்லை, மாமி."

அடுத்த கிழமை ஆரணியைப் பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது பற்றி விசாரிக்க வெளிக்கிட்டபோது, ஒருவரும் கூப்பிடாமலே பத்மாவதி முதலில் ஓட்டோவில் ஏறிக் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பஞ்சலிங்கம் படலை வாசலில் நின்று, "எங்கை, குடும்பமாய்?" என்றார்.

"பள்ளிக்கூடத்துக்கு. பிள்ளைக்குக் கண் தெரியாது," என்றாள் பத்மாவதி.

கிரகணத்தைப் பற்றி ஒரு சொல்லும் அவள் சேர்க்கவில்லை. நிரோஜினி பக்கத்தில் ஏறி இருந்தாள்.